எட்டுமுனை நட்சத்திரம் ஏன் படியவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற வரைபடக்காரன். ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது என் மனைவி. அட்டை வெட்டித் தருவது மட்டும் என் வேலை. போன வாரம் உங்கள் இணைப்பில் எட்டுமுனை நட்சத்திர பிளாக்குக்கு (போர்வையில் சேரும் ஒரு சதுரத் துண்டு) டெம்ப்ளேட், அதாவது துணி வெட்டும் அளவுப் படம், வந்திருந்ததால் எனக்கு வேலை இல்லாமல் போனது. மனைவி அதை அப்படியே கத்தரித்து, அட்டையில் ஒட்டி, எட்டு சாய்சதுரம் வெட்டித் தைத்தார். நட்சத்திரம் படியவே இல்லை. ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி அலை அலையாக நின்றது. "என் தையல்தான் கோணல்" என்று பிரித்து மறுபடி தைத்தார். மறுபடியும் அப்பளம்தான்.

அப்புறம்தான் கோணமானியை எடுத்து அச்சில் இருந்த படத்தின் முனையை அளந்தேன். 45 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 47. எட்டு முனைக்கும் சேர்த்து 16 டிகிரி அதிகம். துணி எங்கே போகும்? பத்தி அகலத்துக்காக யாரோ படத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தையலுக்கான கால் அங்குலம் உள்ளே சேர்ந்ததா இல்லையா என்றும் போடவில்லை.

இந்த நட்சத்திரத்தை வரையக் கணக்கே வேண்டாம். 12 அங்குலச் சதுரம் போட்டு, மூலைவிட்டம் இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக நடுக்கோடு இரண்டும் இழுங்கள். காம்பஸ் முள்ளை ஒரு மூலையில் ஊன்றி, பென்சிலை நடுப்புள்ளி வரை விரித்து, அந்த மூலையைத் தொடும் இரண்டு பக்கங்களிலும் குறி போடுங்கள். நான்கு மூலைக்கும் இப்படிச் செய்தால் எட்டுக் குறி கிடைக்கும். ஒவ்வொன்றையும் எதிர்ப்பக்கக் குறியோடு நேராகவும், அடுத்த பக்கத்தின் தூரத்துக் குறியோடு 45 டிகிரி சாய்வாகவும் இணைத்தால் நட்சத்திரம் தானே எழுந்து வரும். சாய்சதுரத்தின் பக்கமும் நான்கு மூலையில் மிஞ்சும் சதுரத்தின் பக்கமும் ஒரே அளவு, மூன்றரை அங்குலத்துக்கு ஒரு மயிரிழை கூட. இந்த மயிரிழையைத்தான் அடிக்கோலில் பிடிக்க முடியாது, காம்பஸ் பிடித்துவிடும். தையல் கால் அங்குலத்தை வரைந்து முடித்த பிறகு ஒவ்வொரு துண்டையும் சுற்றிப் போட வேண்டும்.

சதுரத்தை மூலைக்கு மூலை ஒரே வெட்டாக வெட்டி இரண்டு முக்கோணம் எடுப்பவர்கள் மட்டும், முடிந்த அளவோடு (தைத்த பிறகு முக்கோணத்தின் குட்டைப் பக்கம்) முக்காலே அரைக்கால் அங்குலம் (7/8) கூட்டிச் சதுரம் வெட்ட வேண்டும். அரை அங்குலம் போதும் என்று நினைத்து நானே ஒருமுறை ஒரு கட்டுத் துணியைப் பாழாக்கியிருக்கிறேன்.

ஆகவே, படத்தை விட வரையும் முறையைப் போடுங்கள். படம்தான் போட வேண்டுமென்றால் பக்கத்தில் 1 அங்குலக் கோடு இரண்டு, ஒன்று படுக்கையாக, ஒன்று நிமிர்ந்து. வாசகர் அளந்து பார்த்துக்கொள்வார்.

அடுத்த வாரம் கரடிப்பாதம் என்ற பிளாக் என்று அறிவித்திருக்கிறீர்கள். அது பக்கத்துக்கு 7 கட்டக் கணக்கு. 12 அங்குலத்தில் போட்டுவிடாதீர்கள். 14 என்றால் கட்டத்துக்கு 2 அங்குலம் சரியாக வரும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்