முடவன் முழுக்கு நாளில் ஒரு நன்றி மடல்

மொரீசியஸில் என்னோடு தமிழ் சொல்லிக்கொடுத்த அக்காமார்களுக்கும், பெரியவர்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். மாயவரத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஐப்பசி கடைசி நாளுக்குள் வந்து கடைமுழுக்கு முழுகிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. மறுநாள் காலைதான் காவிரியின் துலாக்கட்டப் படித்துறையில் இறங்கினேன். கார்த்திகை முதல் நாளான அன்றைக்கு இங்கே முடவன் முழுக்கு என்று பெயர். நடக்க முடியாத ஒருவர் காவிரியில் முழுக வேண்டும் என்று கிளம்பி, தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டதாம். அவருக்காக எங்கள் ஊர்ச் சிவன் மயூரநாதர் ஒரு நாள் கூட்டிக் கொடுத்தார் என்பார்கள். ஈரத் தலையோடு படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. வழியனுப்பு விழாவில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. அழுதுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். எனக்கும் ஒரு நாள் கூட்டிக் கொடுங்கள்.

அங்கே வந்தபோது என் மனதில் இருந்தது இதுதான்: மொழியை விட்டுப் பல தலைமுறை ஆன பிள்ளைகளுக்குத் தமிழைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள், பதினொரு வருடம் பாடம் நடத்தியவள் என்ற தெம்பு. முதல் மாதத்திலேயே அது கரைந்துவிட்டது. 'சாப்பிட்டேன், சாப்பிட்டாய், சாப்பிட்டாள்' என்று பலகையில் எழுதினால் பிள்ளைகள் பாட்டுப் போல ஒப்பிப்பார்கள். "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால் "நான் ரொட்டி சாப்பிட்டாய்" என்பார்கள். நான் இன்னும் சத்தமாக மறுபடி சொல்லிக்கொடுப்பேன். எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

பெரிய அக்கா, அன்றைக்கு நீங்கள் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தீர்கள். குறை எதுவும் சொல்லவில்லை. டீ குடிக்கும்போது, உங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலை வைத்து மெதுவாக ஆரம்பித்தீர்கள். "மோ மான்ஸே, தோ மான்ஸே, லி மான்ஸே. பார்த்தாயா? கிரியோலில் நான், நீ, அவள் யார் சாப்பிட்டாலும் வினை மாறாது. அவன், அவள், அது மூன்றுக்கும் 'லி' ஒன்றுதான். முன்பு நடந்தது என்றால் வினைக்கு முன்னால் ஒரு 'தி' வைப்போம், மோ தி மான்ஸே. நீங்கள் அதையெல்லாம் சொல்லுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுகிறீர்கள். பிள்ளைக்குத் தையல் எங்கே என்று தெரியவில்லை." என் தாய்மொழியில் தையல் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் மூன்று காலித் தீப்பெட்டிகளை நூலில் கோத்துக் கொண்டுவந்தீர்கள். முதல் பெட்டியில் என்ன செய்தோம் என்பது, நடுப்பெட்டியில் எப்போது, கடைசிப் பெட்டியில் யார். கடைசிப் பெட்டியை இழுத்தால் உள்ளே 'ஏன்', 'ஆய்', 'ஆள்', 'ஆர்' என்று எழுதிய சீட்டுகள். பிள்ளைகள் அதை ரயில் என்றார்கள். ஒரு வாரம் வகுப்பில் ரயில் ஓடியது. இரண்டாவது வாரம் மூன்றாம் வரிசைப் பையன், பெட்டியைத் தொடாமலே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "நான் பழம் சாப்பிட்டேன், பாட்டி சாப்பிட்டார்" என்றான். பாட்டிக்கு 'ஆர்' போட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நிமிடத்துக்காக உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது, அக்கா.

தரங்கம்பாடி எங்களுக்குப் பக்கம்தான். 1706ல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். வெளியிலிருந்து ஒருவர் இந்த மொழிக்குள் வர எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது என்று அப்போது யோசித்ததே இல்லை. இனி வெறும் கதையாக அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், சமையல்கட்டுப் பாடம். 'பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ச் சொல்கூடத் தெரியவில்லை' என்று நான் அலுத்துக்கொண்டதைக் கேட்டு, ஏழு கறி பரிமாறிய கோயில் பந்தியில் என்னைப் பிள்ளைகள் நடுவில் உட்கார வைத்தது தங்கச்சி, நீதானே? வாழையிலையில் விழுவதை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேட்டாய். ரசத்துக்கு 'ரசோன்' என்றார்கள். முருங்கைக்கீரைக்கு 'பிரெட் முரூம்' ('பிரெட்' என்றால் அங்கே கீரை). பீர்க்கங்காய்க்கு 'பிபங்காய்'. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. ஏட்டில் இல்லாமல் அடுப்படியில் இருந்துகொண்டு இத்தனை காலம் அந்தச் சொற்கள் தாக்குப்பிடித்திருக்கின்றன. அடுத்த வகுப்பை 'அ'வில் தொடங்கவில்லை, ரசத்தில் தொடங்கினேன்.

2024 பொங்கலை மறக்கவே முடியாது. ஜனவரி 15, பெலால் புயல். போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போன நாள். கஜாவைப் பார்த்த டெல்டாக்காரி நான், இருந்தாலும் கடல் நடுவில் ஒரு தீவில், தனியாக ஒரு அறையில் புயலை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது வேறு. ரோஸ்ஹில் அண்ணி, மழை வலுப்பதற்கு முன்பே வந்து என்னை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனீர்கள். ஜன்னலையெல்லாம் இறுக்கி அடைத்துவிட்டு, கேஸ் அடுப்பில் பானை வைத்தீர்கள். சூரியன் இல்லாத பொங்கல். பால் பொங்கியபோது உங்கள் மாமியார், தமிழில் வேறு ஒரு வார்த்தையும் பேசாதவர், 'பொங்கலோ பொங்கல்' என்று எல்லோருக்கும் முன்னால் குரல் கொடுத்தார். அம்மாவிடம் நூறு தடவை சொல்லிவிட்டேன். உங்களுக்கு மஞ்சள் கொத்து அனுப்ப வழி உண்டா என்று கேட்கிறார்.

தெலுங்கு, இந்தி, உருது, மராத்தி ஆசிரியர்களுக்கும் என் நன்றி. ஒரே மேசை, ஒரே அலமாரி, ஒரே சாக்பீஸ் டப்பா. உங்கள் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான் என்று சொல்லிச் சொல்லியே என்னைத் தேற்றினீர்கள். மாலை வகுப்பு நீண்ட நாட்களில் முகம் சுளிக்காமல் சாவியோடு காத்திருந்த காவலர் ஐயாவுக்கும், பிளேசான்ஸ் விமான நிலையம் வரை வந்தவர்களுக்கும் நன்றி.

கடைசியாக, தம்பி, உன் காரியம். உன் பாட்டனாருக்குப் பாட்டனார் கப்பலேறி வந்த பதிவின் நகலை மோக்காவில் மகாத்மா காந்தி நிலைய ஆவணக் காப்பகத்திலிருந்து வாங்கி என் கையில் கொடுத்தாய். ஜில்லா தஞ்சாவூர் என்று தெளிவாக இருக்கிறது. அந்தக் காலத்தில் மாயவரமும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. ஊர்ப் பெயரில் 'மண' வரைக்கும் படிக்க முடிகிறது, மீதியில் மை ஊறிவிட்டது. போன புதன்கிழமை மணக்குடிக்குப் போய் வயதானவர்கள் நாலு பேரிடம் விசாரித்தேன். கடல் தாண்டிப் போன குடும்பம் பற்றி அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. நாளைக்கு மழை விட்டால் மணல்மேடு பஸ் ஏறுகிறேன். உன் தாத்தாவின் போட்டோவையும் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாயவரத்து டீச்சர்