பரங்கிமலையின் அந்தப் பத்தாண்டைப் பதிவு செய்யுங்கள்

சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் கமாண்டன்ட் அவர்களுக்கு,

வணக்கம். பரங்கிமலைப் பக்கம் வசிக்கும் வரலாற்று ஆசிரியன் நான். உங்கள் அகாடமியின் கதையை மாணவர்களுக்குச் சொல்லும்போது, 1988க்குப் பிந்தைய பத்தாண்டுக்கு வந்ததும் தடுமாறிப்போகிறேன். தேதிகள் கிடைக்கின்றன; மனிதர்களின் குரல் கிடைப்பதில்லை. அந்தக் குரல்களைப் பதிவு செய்யத் தொடங்குங்கள் என்று கேட்கவே இம்மடல்.

1962 சீனப் போருக்குப் பின் அவசரமாக அதிகாரிகள் தேவைப்பட்டபோது, 1963-இல் பிறந்தது இந்தப் பயிற்சிப் பள்ளி. 1988 ஜனவரியில் அகாடமி என்று பெயர் மாறியது. அதே மாதம் குடியரசு நாளில், இங்கே பயின்ற மேஜர் இராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் யாழ்ப்பாணத்தில் அவர் மடிந்திருந்தார். உங்கள் அணிவகுப்புத் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் ஈழத் தமிழரின் மண்ணில் நடந்த போரில் இறந்த செய்தி வந்தபோது, சென்னையில் இருந்த இந்த வளாகத்துக்குள் என்ன பேசிக்கொண்டார்கள்? சங்கடமான கேள்விதான். அதனாலேயே அதை முதலில் வைக்கிறேன்.

அடுத்தது பெண்கள். தரைப்படையில் பெண்களையும் சேருங்கள் என்று தளபதி ரோட்ரிக்ஸுக்குக் கடிதம் எழுதிய பிரியா ஜிங்கன் உட்பட 25 பேர் 1992 செப்டம்பரில் உங்கள் வாயிலுக்குள் நுழைந்தார்கள். 1993 மார்ச் 6 அன்று அதிகாரிகளாக வெளியேறினார்கள். அதுவரை ஆண்களை மட்டுமே பழக்கிய உஸ்தாதுகள் (பயிற்றுநர்கள்) இவர்களுக்கு எப்படிப் பயிற்சி அளித்தார்கள்? எதை மாற்றினார்கள், எதை மாற்ற மறுத்தார்கள்?

இது வெறும் ஆர்வத்தில் எழும் கேள்வி அன்று. பெண்களுக்கு நிரந்தரப் பணி தருவது குறித்த வழக்கில், கிராமப் பின்னணியிலிருந்து வரும் வீரர்கள் பெண்ணின் தலைமையை ஏற்கும் மனநிலைக்கு இன்னும் வரவில்லை என்று ஒன்றிய அரசு வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17 அன்று அதைத் தள்ளிவிட்டது. எனக்கு அந்த வாதம் அன்றும் இன்றும் கோபமூட்டுகிறது. 1993 முதல் பெண் அதிகாரிகளோடு பணியாற்றிய வீரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, அவர்கள் மனத்தை அவர்களிடம் கேட்காமல் எப்படி முடிவு கட்டினார்கள்? பயிற்சித் திடலில் அந்தப் பெண்களை நாள்தோறும் பார்த்த உஸ்தாதுகளின் வாக்குமூலம் அப்போதே தொகுக்கப்பட்டிருந்தால், அப்படிப் பேச யாரும் தயங்கியிருப்பார்கள். அந்த வாக்குமூலங்கள் எல்லாமே பெண்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. கசப்பானவையும் வரட்டும்.

முதல் அணிப் பெண்கள் இன்று ஐம்பதுகளில் இருக்கிறார்கள். உஸ்தாதுகள் அவர்களைவிட மூத்தவர்கள். நாடெங்கும் சிதறி வாழ்பவர்கள். ஓய்வூதிய அலுவலகங்கள் வழியாக அவர்களைத் தேடிப் பிடிக்க உங்களால்தான் முடியும். அப்படியே சமையற்கூடத்திலும் தையலகத்திலும் முடிதிருத்தகத்திலும் வேலை பார்த்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கான சீருடை முதன்முதலில் எப்படித் தைக்கப்பட்டது என்பதை எந்தக் கோப்பும் சொல்லாது.

இரகசியம் காக்க வேண்டியவற்றை நீங்களே நீக்கிக்கொள்ளுங்கள். தமிழில் பேசுவோரின் நேர்காணல்களை எடுக்கவும் எழுத்தில் வடிக்கவும் எங்கள் பகுதி ஆசிரியர்கள் சிலர் ஊதியமின்றி வர அணியமாக இருக்கிறோம். வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்க அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
பரங்கிமலை வட்டார வரலாற்று ஆசிரியன்