பெண்கள் ஐக்கிய சங்கம்: 2025 ஆண்டறிக்கை

நம் சபைப் போதகர் ஐயரவர்களுக்கும், சங்கத்து அம்மாமார், அக்காமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன வருஷம் "ஜெப வாழ்வில் சங்கம் வளர்ந்தது" என்று ஒரே வரி எழுதி வாசித்துவிட்டு உட்கார்ந்தேன், பின்வரிசையில் யாரோ சிரித்தது கேட்டது. இந்தத் தடவை நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில், அதிகாலை 4.30 மணிக்குப் போனில் கூடி ஒரு மணி நேரம் ஜெபிப்பது என்று தீர்மானம் போட்டோம். யோசனை என்னுடையதுதான். முதல் நாள் 26 பேர். பொங்கல் கழித்துப் பார்த்தால் 5 பேர், அதிலும் ஒருவர் மைக்கை அணைக்காமல் தூங்கிவிட, குறட்டைக்கு நடுவில் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்லி முடித்தோம். சிரிப்புதான். ஆனால் விட்டுப்போனவர்கள் முகம் காட்டக் கூச்சப்பட்டு மாதக் கூட்டத்துக்கும் வராமல் நின்றுவிட்டார்கள். பிப்ரவரியில் அதை நிறுத்தினோம். வாட்ஸப் குழுவைப் பற்றிக் கேட்காதீர்கள், பூப்படம் போட்ட காலை வணக்கம்தான் வருகிறது.

அப்புறம் ஐயர் ஒரு காரியம் சொன்னார். டிடாக்கே என்று ஆதிச் சபைக் காலத்துப் போதனை நூல் ஒன்று, அதில் பரமண்டல ஜெபத்தைத் தினம் 3 வேளை சொல்லச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். வேதாகமத்துத் தானியேலும், ஜெபிக்கக் கூடாது என்று ராஜா 30 நாள் தடை போட்டபிறகு புதிதாக ஒன்றும் ஆரம்பிக்கவில்லை, முன்பு செய்துவந்தபடியே 3 வேளை முழங்காலிட்டார், பழகின பழக்கம் அன்றைக்குக் கைகொடுத்தது என்றார். சரி, மார்ச் 5 சாம்பல் புதனில் தொடங்கி, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் முழுக்க இதை மட்டும் செய்வோம், நேரத்தை அவரவர் வீட்டு வேலையோடு முடிச்சுப் போட்டுக்கொள்வோம் என்று பேசி முடித்தோம். காலையில் அடுப்பு பற்றவைக்கும்போது, மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால், சாயங்காலம் நம் சபைக் கோவில் மணி கேட்கும்போது. லெந்து முடிந்தும் பாதிப் பேருக்கு மேல் விடவில்லை.

பீடி சுற்றும் அக்கா ஒருவர் எங்களையெல்லாம் மிஞ்சிவிட்டார். ஜூனில் அவர் வீட்டுக்குப் போனேன். மடியில் தட்டு, இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டுகிறார், உதடு மட்டும் அசைகிறது. 25 பீடி சேர்ந்து ஒரு கட்டு முடிந்ததும் ஒரு பெயர், அடுத்த கட்டுக்கு அடுத்த பெயர். "கட்டு எண்ணணும்லா, அப்படியே ஆளையும் எண்ணிருவேன்" என்றார். 17ஆவது கட்டு நானாம். அவருக்காக நான் ஜெபித்து எத்தனை நாளாச்சு என்று தெருமுனை வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

குடும்ப ஜெபம் பல வீடுகளில் ராத்திரி 9 மணிக்கு இருந்தது. சீரியலும் பிள்ளைகளின் தூக்கமும் அதைத் தின்றுவிடும். சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றின வீடுகளில் நிற்கிறது, ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், 10 நிமிஷம். எங்கள் வீட்டில் இன்னும் இழுபறிதான். காரியதரிசி வீட்டையே இப்படி எழுதலாமா என்று பொருளாளர் கேட்டார், எழுதியாச்சு.

மார்ச் 7 உலக ஜெப நாளில், குக் தீவுப் பெண்கள் தயாரித்த ஆராதனை முறைமைப்படி 139ஆம் சங்கீதத்தைத் தியானித்தோம். சுண்டல் செலவு போக மிச்சக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

4.30 மணி ஜெபத்தை 2026இல் மறுபடி தொடங்கலாம் என்று 2 பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கமிட்டி முடிவு செய்யட்டும். நான் வேண்டாம் என்றுதான் கை தூக்குவேன்.

இப்படிக்கு,
காரியதரிசி