பெற்றோர் துணைவர் திட்டம் நின்றுவிடாதிருக்க ரூ. 2,57,500: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கோட்டை மாரியம்மன் அருளாலும் ஏற்காட்டு மலைத் தெய்வம் சேர்வராயன் துணையாலும் இதுவரை தடையின்றி நடந்துவந்த, மாற்றுத்திறனுள்ள சிறப்புக் குழந்தைகளின் பெற்றோருக்கான நம் ‘பெற்றோர் துணைவர்’ திட்டம், வரும் ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும்போது தொடருமா, நின்றுவிடுமா என்பது மே 31ஆம் தேதிக்குள் முடிவாகிவிடும். (அல்லாவையும் ஏசுவையும் வேண்டுகிற உறுப்பினர்களும் குழுவில் இருக்கிறார்கள், அவர்களும் மேற்கண்ட வரியைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே இக்கடிதம் அச்சுக்குப் போனது.) ஏப்ரல் மாதத்துக்கான மதிப்பூதியத்தைத் துணைவர்களுக்கு எங்களால் இன்னும் தர இயலவில்லை. அவர்களில் ஒருவருக்கு வெளியூர்ப் பள்ளியொன்றில் வேலை கிடைத்திருக்கிறது. நமக்காக அவர் அந்தப் பள்ளியிடம் இம்மாத இறுதிவரை தவணை கேட்டிருக்கிறார்.

துணைவர் என்றால் யார், அவர் என்ன செய்கிறார் என்பதைப் புதிதாக இக்கடிதத்தைப் படிப்பவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் வழக்கறிஞர் அல்லர், மருத்துவரும் அல்லர். குழந்தையைக் குணப்படுத்தித் தருவதாக அவர் வாக்குக் கொடுப்பதில்லை. பள்ளியிலும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் பெற்றோருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்க வைத்து, கிடைத்த பதிலை எழுத்தில் வாங்கித் தருவதுதான் அவர் வேலை. அமெரிக்காவில் 1975இல் வந்த சட்டம், சிறப்புக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் தனிக் கல்வித் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்றும், அதை வகுக்கும் கூட்டத்தில் பெற்றோருக்கும் இடம் வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் கூட்டங்களுக்குப் பெற்றோரோடு போய் உட்காருகிறவர்கள் நாளடைவில் அங்கே தனியொரு பணிப்பிரிவினராகவே ஆகிவிட்டார்கள். நம் ஊரில் அத்தகைய கூட்டம் பெரும்பாலும் தலைமையாசிரியரின் மேசைக்கு முன்னால் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆகவே இங்கே துணைவரின் முதல் வேலை, பெற்றோரை உட்கார வைப்பதாக இருக்கிறது.

இத்திட்டம் பிறந்த கதையைச் சொல்லாமல் விட்டால் எங்கள் தலைவர் ஐயா வருத்தப்படுவார். சொல்வதில் எங்களுக்கும் பெருமைதான். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன்பே, சேலம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுநாளில் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன நான்கு பேர் இருந்தோம். அம்மாபேட்டை நெசவாளர் ஒருவர், சிவதாபுரத்தில் கொலுசுக்கு மணி பற்றவைக்கிற தாய் ஒருவர், ஜவ்வரிசி ஆலைக் கணக்கர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அப்போது நடப்பில் இருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே பட்டியலிட்டிருந்தது. ஆட்டிசம் அதில் இல்லை. நெசவாளரின் மகனுக்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று மனுவை வாங்கியவருக்கே தெரியவில்லை. மற்ற மூவரின் மனுக்களையும் மரத்தடியில் உட்கார்ந்து தம் கைப்பட எழுதித் தந்தவர் அந்தத் தலைமையாசிரியர்தான். அவர் பேரனும் சிறப்புக் குழந்தை. ‘கருணை கூர்ந்து’ என்று எழுதப்பட்டிருந்த இடங்களை எல்லாம் அவர் பேனாவால் அடித்துவிட்டு, ‘சட்டப்படி’ என்று மேலே எழுதினார். அவர்தான் 81 வயதில் இன்றும் நம் குழுவின் தலைவர். அடித்துத் திருத்திய அந்த மனுவின் நகல் குழு அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. வருகிற ஒவ்வொருவரையும் அவர் அதன் முன் நிறுத்திப் படிக்கச் சொல்வதும் உண்டு. நன்கொடையாளர்களான உங்களை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை என்பதால், அவர் அடித்துவிட்ட அந்தச் சொல்லை இக்கடிதத்தில் மட்டும் எங்களால் தவிர்க்க முடியவில்லை.

இன்று சட்டம் மாறிவிட்டது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலை 21 வகைகளாக விரித்தது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு என்கிறது அதன் 31ஆம் பிரிவு. அரசு நிதி பெறும் பள்ளியோ அங்கீகாரம் பெற்ற பள்ளியோ பாகுபாடின்றிச் சேர்க்கை தர வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. தொடக்க நிலையில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் கூறியது. ஆனால் காகிதத்தில் உள்ள சட்டத்தைப் பள்ளி வாசல்வரை யாராவது தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு நடந்ததொன்றைச் சொல்கிறோம். ஏற்காட்டில் நாகலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வசிக்கும் தாய் அவர். காப்பித் தோட்டக் கூலி. ஒன்பது வயது மகனுக்குப் பேச்சு வரவில்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக அவனைச் சேலத்துக்குக் கூட்டிவர வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் இறங்க வேண்டும். எட்டாவது வளைவுக்குள் அவன் வாந்தி எடுத்துவிடுவான். காப்பிப் பழம் பறிக்கிற கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இறங்குவது அவருக்கு எளிதல்ல. அப்படியும் மூன்றுமுறை இறங்கி வந்து, மருத்துவக் குழுவின் முன் நிறுத்திச் சான்றிதழ் பெற்று, அதை மஞ்சள் பையில் நான்காக மடித்து எடுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்குப் போனார். “இவனை வச்சுக்கிட்டு மத்த பிள்ளைங்களுக்கு நான் எப்படிம்மா பாடம் நடத்துறது? வீட்டிலேயே வச்சுக்கோங்க” என்று பதில் வந்தது.

மறுவாரம் நம் துணைவர் அவரோடு போனார். அதே பதில் வந்தபோது அவர் குரலை உயர்த்தவில்லை. “சரிங்க ஐயா, சேர்க்க முடியாதுங்கிறதையும் காரணத்தையும் இந்தத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க” என்று வெள்ளைத்தாளை மேசைமீது வைத்தார். சற்று நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இழுப்பறையிலிருந்து சேர்க்கைப் படிவம் வெளியே வந்தது.

வேலை அத்தோடு முடிந்துவிடவில்லை. உண்மையில் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தாயை உட்கார வைத்துப் பேசி, பையனைப் பற்றித் துணைவர் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். மணியடித்தால் காதைப் பொத்திக்கொள்வான். அடிக்கும் முன் கையைத் தொட்டுச் சொன்னால் போதும். பசித்தால் தட்டைத் தட்டுவான். முதல் வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தால் அமைதியாக இருப்பான். இக்குறிப்பை வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்ததோடு, கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் எந்தெந்த நாளில் வருவார் என்பதையும் கேட்டுப் பதிவேட்டில் எழுத வைத்தார். அந்த ஆசிரியைமீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஒருவரே எத்தனை பிள்ளைகளைத்தான் கட்டி மேய்ப்பார்? பல இடங்களில் ஆசிரியர்கள் மறுப்பதற்குக் காரணம் பயம்தான்.

எல்லாம் வெற்றிக்கதை அல்ல. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளுக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அஸ்தம்பட்டிப் பக்கத்து மாணவி ஒருத்திக்கு நாங்கள் தாமதமாக விண்ணப்பித்ததால் மொழிப்பாட விலக்கு கிடைக்காமல் போய்விட்டது. அது முழுக்க எங்கள் தவறு. இரண்டு துணைவர்கள் 84 குடும்பங்களைச் சுமந்தால் இப்படியும் நடக்கும்.

இனிக் கணக்கு. நகரத்துக்கான துணைவர் இருவருக்கு மாதம் 14,000 வீதம் ஆண்டுக்கு ரூ. 3,36,000. மலைக்கெனப் புதிதாக ஒரு பகுதிநேரத் துணைவருக்கு மாதம் 8,000 வீதம் ரூ. 96,000. அறை வாடகை ரூ. 84,000. மாதம் இருமுறை மலைக்கு வாடகை வண்டி, தடவைக்கு 2,500 வீதம் ரூ. 60,000. நகல், தபால், தகவல் உரிமை மனுக்கள் ஆகியவற்றுக்கு ரூ. 24,000. மொத்தம் ரூ. 6,00,000. கையிருப்பையும் வாக்களித்தபடி வந்து சேர்ந்த தொகையையும் கூட்டினால் ரூ. 3,42,500. பற்றாக்குறை ரூ. 2,57,500. குழு நிர்வாகிகள் எவரும் ஊதியம் பெறுவதில்லை. கூட்டங்களுக்கான தேநீர்ச் செலவு கூட அவரவர் சட்டைப்பையிலிருந்துதான்.

இதுவரை கொடுத்தவர்களை நினைக்காமல் மேலே கேட்பது முறையல்ல. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, ஆண்டுதோறும் அட்சய திருதியை விற்பனையில் ஒரு பங்கை உறையில் போட்டுக் கொடுக்கும் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை உரிமையாளருக்கும், மகளின் திருமணத்தில் மொய்ப்பணம் முழுவதையும் நமக்கே தந்துவிட்ட கொண்டலாம்பட்டி நெசவாளர் குடும்பத்துக்கும், உருக்காலையில் ஓய்வுபெற்று முதல் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்து தலைவர் ஐயா கையில் வைத்தவருக்கும், இரண்டாண்டுகளாக டீசலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு எங்களுக்கு வண்டி ஓட்டிய ஏற்காட்டு ஓட்டுநருக்கும், மாம்பழப் பருவத்தில் மல்கோவாக் கூடையோடு வந்து, பழத்தைக் குழந்தைகளிடமும் விற்ற காசைப் பொருளாளரிடமும் கொடுத்துச் செல்லும் தோட்டக்காரருக்கும், உண்டியலில் பத்தும் இருபதுமாகப் போட்ட கல்லூரி மாணவ மாணவியருக்கும் எங்கள் நன்றி. மலைக்கிராமத்துத் தாய்மார் சிலர் பணத்துக்குப் பதிலாகப் படி மிளகு கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் விற்று வரவு வைத்திருக்கிறோம். ரசீது எண்ணும் இருக்கிறது.

சற்றுக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுச் சந்தா ரூ. 600. அதை 84 குடும்பங்களில் 31 குடும்பங்கள் கட்டவில்லை. கூலி வேலை செய்பவர்களை நாங்கள் கேட்கவில்லை. மிளகு கொடுத்தவர்களே அவர்கள்தாம். பிள்ளைக்குச் சேர்க்கை கிடைக்கும்வரை நாள்தோறும் துணைவரை அழைத்துவிட்டு, கிடைத்த பிறகு எங்கள் எண்ணைக் கண்டால் எடுக்காதவர்களும் அந்த 31இல் இருக்கிறார்கள். ஆடித் திருவிழாவுக்குத் தெருவில் வசூல் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எழுதியதைப் பார்த்துவிட்டு ஒரு ரூபாயாவது கூட்டி எழுதுகிறவர்கள் நாம். உங்கள் பிள்ளைக்காக ஒருவர் வெயிலில் அலுவலகப் படியேறி இறங்கியதை அம்மன் மறந்திருக்க மாட்டாள். நீங்களும் மறக்காதிருந்தால் நல்லது.

ரூ. 14,000 கொடுப்பவர் ஒரு துணைவரை ஒரு மாதம் பணியில் நீடிக்க வைக்கிறார். ரூ. 2,500 ஒருமுறை மலையேற்றுகிறது. ரூ. 100 கொடுத்தாலும் பல மனுக்களுக்கு நகல் எடுக்கலாம். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை தரும் அனுமதி எங்கள் குழுவுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறோம். பணத்தைப் பொருளாளரிடம் நேரிலோ குழுவின் வங்கிக் கணக்கிலோ செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். ரசீது தராத எவரிடமும், ‘சான்றிதழ் வாங்கித் தருகிறேன்’ என்று நம் குழுவின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும் எவரிடமும் ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குழு அறையில் வரவு செலவு வாசிக்கப்படும். சந்தா பாக்கி உள்ளவர்களும் தயங்காமல் வரலாம். அன்று மாலைதான் வெளியூர் வேலை குறித்துத் துணைவரிடம் பேச வேண்டும்.

இப்படிக்கு,
குழுவினர் அனைவரும்,
சேலம்.