நாகர்கோவில் வானொலி நிலையத்தாருக்கு ஒரு நேயரின் திறந்த மடல்

ஆகாசவாணி நாகர்கோவில் நிலையத்தின் நிகழ்ச்சிப் பிரிவில் பணிபுரியும் அனைவருக்கும் வணக்கம்.

1984 அக்டோபரில் உங்கள் நிலையம் தொடங்கியபோது இந்தியாவில் அதுதான் முதல் உள்ளூர் வானொலி. சென்னையோ திருச்சியோ அனுப்புவதை வாங்கி ஒலிபரப்பும் வேலைக்காக அது வரவில்லை. இந்த ஒரு மாவட்டத்து மக்களிடம் அவர்களுடைய சங்கதிகளையே பேச ஒரு நிலையம் வேண்டும் என்று வைத்தார்கள். அந்த நிலையத்திடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாரத்துக்கு அரை மணி நேரம் குமரி மாவட்டத்து வாழ்க்கையை, அதை வாழ்கிறவர்களின் குரலிலும் அந்த இடத்துச் சத்தத்திலும் ஆவணமாக்கி ஒலிபரப்புங்கள்.

நான் கல்குளம் வட்டத்துக்காரி. பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த மாவட்டத்தின் வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் ஒரு குறை உறுத்துகிறது. இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1 பாடப்புத்தகத்தில் இருக்கிறது, அந்த இணைப்புப் போராட்டத்தை நடத்திய மார்ஷல் நேசமணியின் பெயர் இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அந்தப் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததே, அன்று அந்தக் கூட்டத்தில் நின்றவரின் குரல் எங்கே இருக்கிறது? அன்றைக்கு இருபது வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். என்னிடம் பாட்டிமார்களைப் பற்றிச் சொல்ல வரும் பிள்ளைகள் பலர், "அவுங்களுக்கு இப்பம் ஓர்மை இல்ல டீச்சர்" என்கிறார்கள். நீங்கள் எங்கே தொடங்குவது என்று யோசித்தால் இங்கே தொடங்குங்கள். மற்றவை ஒரு வருடம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

அடுத்து, பனை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பனையேறியைப் பற்றி வந்த பேட்டிகள் எல்லாம் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. தொழிலின் கஷ்டம் என்ன, அரசிடம் என்ன கோரிக்கை என்று இரண்டு கேள்வி, அதோடு முடிந்தது. ஒலிவாங்கியை விடியற்காலையில் பனை மூட்டில் கொண்டுபோய் வையுங்கள். ஏறுவதற்கு முதல் படியாகும் முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து வைக்கும் சத்தம், காலில் மாட்டிய தளைநார் சொரசொரப்பான தடியில் உரசுவது, மேலே போகப் போகக் கனக்கும் மூச்சு, அப்புறம் ஓலைகளின் சலசலப்புக்கு நடுவே பாளை அருவாள் மெல்லிசாகச் சீவுவது. கலயத்திலிருந்து அக்கானியை, அதாவது பதநீரை, குடுவையில் ஊற்றும்போது ஒரு சத்தம் வரும். கீழே நிற்கும் பெண், மரத்தை அண்ணாந்து பார்க்காமலே, இன்றைக்கு எவ்வளவு கிடைத்திருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடுவார்.

அங்கிருந்து அடுப்படிக்கு வாருங்கள். பெரிய வட்டையில் அக்கானி கொதிக்கிறது. முதலில் அது தண்ணீர் கொதிப்பது போலத்தான் கேட்கும். நேரம் போகப் போக நுரை பொங்கி, பாகு கெட்டியாகி, குமிழிகள் தாமதமாக, கனமாக உடையத் தொடங்கும். காய்ச்சுகிறவர் அகப்பையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். பிறகுதான் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பார். பதம் தப்பினால் அன்றைய உழைப்பு வீண். சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்துத் தட்டி எடுத்தால் கருப்பட்டி. பனைத் தொழில் என்றால் ஏறுகிற ஆணைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். வெயிலிலும் புகையிலும் மணிக்கணக்காக அடுப்பின் முன்னால் நிற்கும் பெண்ணின் கைப்பக்குவம் ஒளிப்படத்தில் தெரியாது, ஒலியில் தெரியும். எல்லாவற்றுக்கும் காணொளி வந்துவிட்ட பிறகு வானொலி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

கடலோரத்துக்கும் இதே கண்ணோடு போக வேண்டும், இல்லை, இதே காதோடு. கட்டுமரத்தில் போன பழைய தலைமுறைக்குக் கருவி எதுவும் கிடையாது. மருத்துவாழ்மலையின் முனையையும் கரையிலுள்ள கோவில் கோபுரத்தையோ தேவாலயத்தையோ ஒரே நேர்கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் இன்னொரு மலையையும் ஒரு தென்னையையும் கோர்த்து, தண்ணீருக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டான பாரின் இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்தார்கள். எந்தப் பாரில் எந்தக் காலத்தில் என்ன மீன், கச்சான் காற்று அடித்தால் நீரோட்டம் எப்படி, வாடை என்றால் எப்படி என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருந்தன. ஜிபிஎஸ் வந்ததை நான் குறை சொல்லவில்லை, அது உயிரைக் காக்கிறது. ஆனால் அந்த அடையாளங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது கரையில் வலை முடைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் மட்டுமே. அவர்களில் ஒருவரைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போய், அங்கே வைத்துச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

ஒக்கியைப் பற்றியும் செய்ய வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். சிலர் லட்சத்தீவில், சிலர் மகாராஷ்டிரக் கரையில் கரையேறினார்கள். பலர் வரவே இல்லை. அந்த நாட்களில் செய்தித் தொலைக்காட்சிகள் அழுகிற முகங்களைக் காட்டின, பிறகு போய்விட்டன. எச்சரிக்கைச் செய்தி ஒரு படகை எப்படி எட்டுகிறது, எங்கே அறுந்துபோகிறது என்பதை மீனவர்களையே பேசவைத்து நிதானமாக விளக்க உள்ளூர் வானொலியைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. இதைச் செய்யும்போது ஒரு வேண்டுகோள்: பின்னணியில் சோக வயலின் வேண்டாம். பேசுகிறவர் நிறுத்தினால் அந்த மௌனத்தை வெட்டாதீர்கள்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை ஒரு ஊடகத்தார் பேட்டி எடுக்க வந்தார்கள். யார் என்பது இங்கே முக்கியமில்லை. அவர் நாஞ்சில் நாட்டு வயல்வேலையைப் பற்றி, கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு சாகுபடிப் பருவங்களுக்கும் விதைக்கிற நெல்வகைகளைப் பற்றி அருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் நிறுத்தி, "ஐயா, கொஞ்சம் நல்ல தமிழில் சொல்லுங்க" என்றார்கள். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து "ஆமாம்", "இல்லை" மட்டும்தான் வந்தது. அவரிடமிருந்த அத்தனையும் அந்த ஒரு வரியில் அடைபட்டுப்போயிற்று.

பிபிசி வானொலியில் 1958இல் ஒலிபரப்பான ஒரு நிகழ்ச்சிக்காக, ஒரு ரயில் ஓட்டுநரைப் பற்றிக் கேட்க, தயாரிப்பாளர் சார்லஸ் பார்க்கர் குழுவினர் தொழிலாளர்களிடம் போனார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்து, அதிலிருந்து வசனம் எழுதி, நடிகர்களைப் பேசவைப்பது அன்றைய வழக்கம். பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது, அந்தப் பேச்சின் உயிர் எந்த நடிகரிடமும் வராது என்பது புரிந்துபோயிற்று. தொழிலாளர்களின் குரலையே அப்படியே வைத்து, இடையிடையே பாட்டுகளைக் கோர்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஹெர்ரிங் மீனவர்களைப் பற்றி அதே முறையில் செய்த நிகழ்ச்சிக்கு பிரி இத்தாலியா (Prix Italia) என்ற சர்வதேச ஒலிபரப்புப் பரிசு கிடைத்தது. பிரிட்டிஷ் மீனவரின் கொச்சைக்கு ஐரோப்பாவே காது கொடுக்குமானால், முட்டத்து மீனவரின் பேச்சுக்கு நாகர்கோவில் காது கொடுக்க முடியாதா? தோவாளைக்காரரின் பேச்சு வேறு, விளவங்கோட்டுக்காரரின் பேச்சு வேறு. மலையாளம் கலந்தால் கலக்கட்டும், அதுதான் இந்த மண்ணின் பேச்சு. எவரும் திருத்த வேண்டாம்.

இயற்கையைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன, அது எத்தனை பேருக்குத் தெரியும்? தை மாதத்து விடியலில் தேரூர் கரையில் ஒரு மணி நேரம் பதிவு செய்து, பறவை தெரிந்த ஒருவரை அருகில் வைத்து, இது தாழைக்கோழி, இது பவளக்கால் உள்ளான், இது தூரதேசத்து வாத்து என்று சொல்லச் சொன்னால் போதும். ஆரல்வாய்மொழிக்கு ஆடியில் போனால் காற்றே பேசும். நல்ல காற்றுத் தடுப்பு உறை இல்லாமல் மட்டும் போய்விடாதீர்கள். தோவாளைப் பூச்சந்தையின் ஓண நாள் இரைச்சல், கோவில் கொடை இரவில் வில்லுப்பாட்டுக் குழு குடத்தையும் உடுக்கையையும் சுதி சேர்க்கும் முதல் பத்து நிமிடம், ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு கேட்கும் கத்தியின் உரசல். பட்டியல் போட்டால் முடியாது, நீங்களே அறிவீர்கள்.

பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிப் பழங்குடி மக்களிடம் போகும்போது கூடுதல் கவனம் வேண்டும். கொக்கரை என்ற இரும்பு இசைக்கருவியை உரசிக்கொண்டு அவர்கள் பாடும் மருத்துவச் சடங்குப் பாட்டுகள் எல்லாமே வெளியே கேட்க வேண்டியவை அல்ல. கேரளப் பக்கத்துக் காணிகள் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை விஞ்ஞானிகளுக்கு அடையாளம் காட்டி, அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்து, வருமானத்தில் பங்கு யாருக்கு என்று பெரிய விவாதமே நடந்தது. எதைப் பதியலாம், எதை ஒலிபரப்பலாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பேசுகிறவர்களுக்கு ஒரு நாள் கூலியாவது கொடுங்கள், அவர்கள் வேலையை விட்டுத்தான் உங்களோடு உட்காருகிறார்கள்.

ஆள் பற்றாக்குறை உண்டு என்று எனக்குத் தெரியும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்லூரிகள் குறைவில்லை. தமிழ், வரலாறு, விலங்கியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒலிப்பதிவுக் கருவியைப் பிடிக்கவும், கேட்கவும், வெட்டித் தொகுக்கவும் உங்கள் பொறியாளர்கள் கற்றுக்கொடுத்தால் ஒரு பருவத்துக்குத் தேவையான சரக்கு சேர்ந்துவிடும். அரை மணி நேரத்துக்காக வெட்டியெறிந்த மீதிப் பதிவுகளை அழிக்க வேண்டாம். யார், எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஒலிபரப்பான நிகழ்ச்சியை இணையத்திலும் வையுங்கள், வளைகுடாவிலிருக்கும் நம் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். நேரத்தைப் பொறுத்தவரை, கரையில் வலை முடைகிற பிற்பகலில் ஒருமுறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுமுறை.

மாசி, பங்குனியில் அக்கானி நன்றாக இறங்கும். அதற்கு முன்பாக நீங்கள் ஒரு சொல் அனுப்பினால் எங்கள் ஊர்ப் பனையேறிகளிடமும் காய்ச்சுகிற பெண்களிடமும் நானே பேசி வைக்கிறேன். பதிவு செய்ய வருகிறவர்கள் காலை ஐந்து மணிக்கே வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஏற்றம் கிடைக்காது. என் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் கூட வருவார்கள், அவர்கள் தாத்தா பாட்டிகளை அவர்களே பேட்டி எடுக்கட்டும்.

அன்புடன்,
கல்குளம் வட்டத்திலிருந்து ஒரு நேயர்