முள்ளந்தண்டுக் கிருமி பற்றி மூதூருக்கு ஒரு கடிதம்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது பெரிய ஆறுதல். இங்கே மாரி பிடித்துவிட்டது, தம்பலகாமம் பக்கம் வயலெல்லாம் தண்ணீர்.

உன் ஆஸ்பத்திரிக்கு நாரிநோ என்று வருகிறவர்களில் யாருக்கு முள்ளந்தண்டில் கிருமி என்று எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருந்தாய். படுத்தாலும் விடாத நோ, முள்ளைத் தட்டினால் ஒரே இடத்தில் துள்ளுகிறவர், உடம்பு மெலிவு, கூடவே சீனி வருத்தம் அல்லது டயாலிசிஸ் என்றால் சந்தேகப்படு. காய்ச்சல் வரட்டும் என்று காத்திராதே, பலருக்குக் காய்ச்சலே இராது. வெள்ளணு எண்ணிக்கையும் சாதாரணமாக இருக்கலாம். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும்தான் உனக்கு உதவும். இரண்டும் ஏறியிருந்து, நோவுக்கு வேறு காரணம் இல்லையென்றால் எம்.ஆர்.ஐ.க்கு எழுது. முதல் இரண்டு மூன்று கிழமையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. 'எக்ஸ்ரே நல்லம்' என்று நோமாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவதில்தான் மாதங்கள் போய்விடுகின்றன.

எம்.ஆர்.ஐ.யில் டி1 என்ற வகைப் படத்தில் எலும்பு கறுத்தும், கொழுப்பை அடக்கிய டி2 வகைப் படத்தில் வெளுத்தும் இருக்கும். சாதாரண சீழ்க்கிருமி இடைத்தட்டை முதலிலேயே அரித்து, மேலும் கீழும் உள்ள எலும்பின் விளிம்பைத் தின்னும். முள்ளில் காசநோய் என்றால் தட்டு கனநாள் தப்பியிருக்கும். நெஞ்சுப் பகுதி முள்ளில் தொடங்கி, முள்ளுகளின் முன்புறமாக ஓடும் நாணுக்கு அடியால் ஊர்ந்து பல முள்ளுக்குப் போகும். மெல்லிய சுவருள்ள பெரிய சீழ்க்கட்டி கட்டும். ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் நம்பி மருந்து தொடங்காதே. நம் பக்கத்தில் மூன்றாவது ஒன்று இருக்கிறது: மெலியோய்டோசிஸ் என்ற, மண்ணிலும் சேற்றிலும் இருக்கிற கிருமியால் வரும் நோய். சேற்றில் நின்று வேலை செய்கிற, சீனி உள்ள ஆளுக்கு அது காசநோய் போலவே படத்தில் தெரியும். அப்படிப்பட்டவருக்கு வயிற்று ஸ்கானும் செய். ஈரலிலும் மண்ணீரலிலும் சிறு சீழ்க்கட்டிகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். மாடு வளர்த்து, காய்ச்சாத பால் குடிக்கிறவர் என்றால் மாட்டிலிருந்து தொற்றும் புரூசெல்லா கிருமிக்கான இரத்தப் பரிசோதனையையும் சேர்.

இனி நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிற விஷயம்: இரத்தம் எடுக்குமுன் ஒரு அன்டிபயோட்டிக் குளிசைகூடக் கொடாதே. இரண்டு கையிலும் தனித்தனியாகக் குத்தி இரண்டு தொகுதி கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடு, ஒவ்வொரு போத்தலுக்கும் 8 முதல் 10 மி.லீ. இரத்தம். தோலை அற்ககோல் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநீக்கியால் துடைத்து, 30 செக்கன் காயவிட்டுக் குத்து. முன்பே நாளத்தில் போட்டிருக்கும் கனியூலாக் குழாயிலிருந்து எடுத்தால் தோல்கிருமிதான் வளரும். கல்ச்சரில் ஸ்டபிலோகொக்கஸ் ஒரியஸ் என்ற சீழ்க்கிருமி வந்து படமும் பொருந்தினால் திசு எடுக்க முள்ளில் ஊசி குத்தவே தேவையில்லை. இதயத்திலும் கிருமி இருக்கிறதா என்று பார்க்க இதய எக்கோவுக்கு எழுது.

ஒன்றும் வளராவிட்டால் சீ.ரீ. ஸ்கானில் பார்த்துக்கொண்டே ஊசியால் திசு எடுக்க வேண்டும். ஆள் நிதானமாக இருந்தால், முன்பு கொடுத்த அன்டிபயோட்டிக்கை ஒன்றிரண்டு கிழமை நிறுத்திவிட்டு எடுப்பது நல்லது. எடுத்ததை அங்கேயே பிரி. ஒரு பங்கு சில துளி சேலைனோடு கிருமி நீக்கிய போத்தலில், மற்றது நுண்காட்டியில் திசுவைப் பார்க்கப் போர்மலினில். எல்லாவற்றையும் போர்மலினில் போட்டால் கிருமி செத்து, கல்ச்சர் அத்தோடு முடிந்தது. இந்தப் பிழை மிகவும் சாதாரணமாக நடக்கிறது. நோயாளி இன்னொரு முறை குத்துப்பட வேண்டும். சேலைன் போத்தலில் இருந்து கிராம் சாயம், கல்ச்சர், காசநோய்க் கல்ச்சர், ஜீன் எக்ஸ்பேர்ட் எல்லாம் போகும். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பேர்ட் சுமார் 2 மணித்தியாலத்தில் முடிவு தந்து, காசநோய் மருந்தான றிபாம்பிசினுக்குக் கிருமி எதிர்ப்புக் காட்டுகிறதா என்பதையும் சொல்லும். ஆனால் எலும்பில் கிருமி குறைவு, ஆகவே 'இல்லை' என்று வந்ததால் காசநோய் இல்லை என்று தள்ளிவிடாதே. காசநோய்க் கல்ச்சர் முடிவுக்கு 6 முதல் 8 கிழமை பிடிக்கும்.

அனுப்புகிற துண்டில் 'மெலியோய்டோசிஸ் சந்தேகம்' அல்லது 'புரூசெல்லா சந்தேகம்' என்று பெரிய எழுத்தில் எழுது. இரண்டும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவருக்குத் தொற்றக்கூடியவை. தெரிந்தால் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள், கல்ச்சரையும் சீக்கிரம் எறியமாட்டார்கள். மெலியோய்டோசிஸ் கிருமி 'சூடோமோனாஸ்' என்ற வேறு கிருமியின் பெயரில் பிழையாக வெளிவருவதும் உண்டு. ஜென்டாமைசின், கொலிஸ்டின் என்ற அன்டிபயோட்டிக்குகளுக்கு மசியாமல் கோ-அமொக்சிகிளேவ் என்ற அன்டிபயோட்டிக்குக்கு மசிகிற 'சூடோமோனாஸ்' என்று ரிப்போர்ட் வந்தால் உடனே ஆய்வுகூடத்துக்கு அழைத்துக் கேள்.

நாரிநோக்காரர் சளிக்கு என்று வந்தால் லிவோபுளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக்கை எழுதிவிடாதே. அது காசநோயை அரைகுறையாக அடக்கி, கல்ச்சரை வெறுமையாக்கும்.

மேலே சொன்னதெல்லாம் பொறுத்திருக்கக்கூடியவருக்கு. காலில் பலக்குறைவு, சிறுநீர் அடைப்பு, இரத்த அழுத்தம் விழுதல் என்றால் இரத்தக் கல்ச்சரை எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கி, அன்றிரவே சத்திரசிகிச்சை உள்ள இடத்துக்கு அனுப்பு. விடியட்டும் என்று இருந்துவிடாதே.

மருந்து தொடங்கி நாலு கிழமையில் சி.ஆர்.பி. இறங்கியிருக்கிறதா என்று பார். ஈ.எஸ்.ஆர். மெதுவாகத்தான் இறங்கும். நோ குறைந்து, சி.ஆர்.பி.யும் இறங்கினவருக்கு மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பயப்படாதே, ஆள் சுகமாகி வரும்போதும் எலும்பு படத்தில் மோசமாகத் தெரியலாம்.

நீ எழுதியிருந்த அந்த வயல்காரருடைய ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சீ.டி.யையும் அனுப்பு. இரத்தக் கல்ச்சர் எடுத்தாயிற்றா என்று நாளைக்கே ஒரு வரி போடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்