பரீட்சை முடியும்வரை கூரையைத் திறக்க மாட்டேன்

சேரன்மகாதேவி,
தை 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. முழங்கால் வலி குறைந்து தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். பள்ளிக்கூட வேலை விடவில்லை.

நீ சொன்னபடியே பள்ளியின் கிழக்குக் கட்டிடத்தில் கூரைக் கட்டைமுனைகளைப் பார்த்துவிட்டோம். நாம் பத்தாம் வகுப்புப் படித்த அதே அறைதான். கொத்தனார் ஏணியில் ஏறி, கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் காரையைக் கொஞ்சம் பெயர்த்துவிட்டுத் திருப்புளியை வைத்து அழுத்தினார். கட்டையின் நடுப்பாகத்தில் கீறல்கூட விழவில்லை. தேக்கு இன்னும் இரும்பாக இருக்கிறது. முனையில் வைத்து அழுத்தியபோது வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. வெளியே இழுத்தால் நுனியில் ஈரமான கறுப்புத் தூள். பதினொரு கட்டைகளில் நான்கு இந்தக் கதியில் இருக்கின்றன. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அதற்கு நேர் கீழேதான் முந்தின நாள்வரை முப்பத்தெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டு ஓடியதே, அந்த மழையில்தான் தட்டையான மட்டப்பாக் கூரையில் தேங்கிய தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் தானாகவே காய்ந்திருக்கும். ஆனால் முன்பு ஏதோ ஒரு மராமத்தில் அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள். உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. சுவர் ஓதம் காத்து, அடிப்பக்கம் உப்புப் பூத்துப் பொரிந்து கிடக்கிறது. அந்தப் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்பே பூசுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அன்றைக்கே இரண்டு அறைகளைக் காலி செய்து, முட்டுக்கொடுத்துப் பூட்டிவிட்டேன். ஒரு வகுப்பு நூலகத்திலும் இன்னொன்று தார்சாவிலும் நடக்கிறது. காண்டிராக்டர், "இப்போதே கூரையைப் பிரித்துவிடலாம் சார், ஆள் கையில் இருக்கிறது, விட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்" என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் கூரையைப் பிரித்தால் ஒட்டியிருக்கும் மற்ற இரண்டு அறைகளையும் மூட வேண்டிவரும், தூசியும் சத்தமும் பள்ளி முழுக்கப் பரவும். பங்குனியில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அதை எழுதப்போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து படிக்கத் தனியாக ஓர் இடம் இல்லாதவர்கள். பள்ளிக்கூடம்தான் அவர்களுக்கு இடம். தேர்வு முடியும்வரை கிழக்குக் கட்டிடத்தில் ஒரு செங்கல்லையும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். செயலருக்கு வருத்தம்தான். ஆள் போனால் செலவு கூடும். கூடட்டும்.

மேற்கு வரிசை வேலையின்போதும் இப்படித்தான் முட்டிக்கொண்டோம். தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கமாகப் போகிறது என்று மாணவிகளின் கழிப்பறையை முதலில் இடிக்கப் பார்த்தார்கள். கடப்பாரையோடு ஆள் வந்து நின்றபிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். மாற்றுக் கழிப்பறை கட்டி, கதவும் தண்ணீரும் வந்தபிறகு இடித்துக்கொள்ளுங்கள் என்றேன். பத்து நாள் வேலை தள்ளிப்போயிற்று. கழிப்பறை இல்லாத பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள், பிறகு வராமலே நின்றுவிடுவார்கள். 2021 டிசம்பரில் நம் நெல்லையிலேயே ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம், இடிக்கும் இடத்துக்கும் பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கும் நடுவில் தகரம் அடித்தாயிற்றா என்று மறுபடி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

வகுப்புகளுக்கு இடம் போதாமல் கீற்றுக் கொட்டகை போட்டுக்கொள்ளலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொண்டுபோனது கீற்றில் பற்றிய தீதான். நான் மறுத்ததும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஊர்க் கல்யாண மண்டபத்தைக் கேட்டோம், வாடகையில்லாமல் கொடுத்தார்கள். மார்கழி முழுக்க ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் அங்கேதான் நடந்தன. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வந்துவிட்டன. அந்த நாட்களில் மட்டும் பிள்ளைகள் இங்கே வந்து வேப்பமரத்தடியில் உட்காருகிறார்கள்.

மேற்கு வரிசை வேலையின் சத்தத்துக்கும் ஒரு வழி கண்டோம். உடைப்பதும் ஓடு அறுப்பதும் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும்தான். நடுவில் கம்பி கட்டலாம், மணல் சலிக்கலாம், தளத்துக்குத் தண்ணீர் விடலாம். பிள்ளைகள் வரும் நேரத்திலும் போகும் நேரத்திலும் லாரி உள்ளே வரக் கூடாது. ஒருநாள் மேற்கு வரிசையில் புதுச்சுவருக்கு மூலைமட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நூலில் மூன்றடி, மற்றதில் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று கொத்தனார் அளந்ததை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சார், பிதாகரஸ்!" என்று கத்திவிட்டாள். கணக்கு ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு வகுப்பையே தகரத்தின் இந்தப் பக்கம் வரிசையாக நிறுத்தி அதைப் பார்க்கவைத்தார். கொத்தனாருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவராம்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். காண்டிராக்டர் பழைய மட்டப்பாவையே எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பங்குனி வெயிலிலும் அந்த அறை எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்பது உனக்கும் தெரியும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் தட்டிய தளம் அது. அந்த வேலை தெரிந்த ஒரு பெரியவர் அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கிறார், வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த நான்கு கட்டைகளையும் முழுதாக மாற்றுவதா, கெட்ட முனையை மட்டும் அறுத்துவிட்டு இரும்புத் தாங்கி கொடுப்பதா? பாலம் பாலமாகக் கட்டிய உன் கண்ணால் ஒருமுறை பார்த்துச் சொன்னால்தான் எனக்குத் தைரியம் வரும்.

சித்திரை முதல் வாரம் வர முடியுமா? நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து, காலையில் செங்கோட்டை வண்டியில் ஏறினால் போதும். ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன். ஏணியில் நீ ஏற வேண்டாம். சாரம் கட்டிப் படி போட்டு வைக்கிறேன்.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்